அப்பாவிடம் மாட்டிக்கொண்ட பாஸ்வேர்டு

என் அன்பு மகள் துரைக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிற உடம்போடு இருக்கிறோம், பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, லேபில் உன் மேலதிகாரியோடு சண்டை வளர்க்காமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பெண் குழந்தைக்குத் துரை என்று பேர் வைத்துக் கூப்பிட்டவர் உன் அப்பா, பிறந்த பத்தாம் நாளே கையை நீட்டி அதிகாரம் பண்ணினாயாம். இப்போது அந்தப் பேரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவர் பங்குக்கும் சேர்த்து நானே எழுதிவிட்டேன். கடிதமா, அதுவும் புரூஃப் தாளின் பின்பக்கத்திலா என்று சிரிக்காதே. நீ கூப்பிடுவதெல்லாம் அப்பாவின் டேப்லெட்டில் வருகிறது, அந்த டேப் அவர் கட்டிலோடு கட்டிவைத்த தாங்கியில் நிற்கிறது, நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். நேற்று நீ கம்ப்யூட்டர் என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்று மென்று விழுங்கினேனே, அதைத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே வருகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கோர்வையாக வராது. அச்சகத்தில் பிழை திருத்துகிற அறையை மூடிவிட்டார்கள். எங்கள் மேஜை, விளக்கு, நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து குழி விழுந்த நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காகித மூட்டை அடுக்கிவிட்டார்களாம். இனிமேல் எல்லாரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து திருத்தி அனுப்ப வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான் விடுப்பில்தான் இருக்கிறேன், மேலாளர் நல்ல மனுஷர், நாலு மாதம் என் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் நெட்டில் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டாக வேண்டும், எனக்கும் மேலே கேக்கறாங்கம்மா, தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டார். ரெண்டு ஆட்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இறங்கிப் போனார்கள். அவர்கள் இறங்குகிற சத்தத்தைக் கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன் துரை, அவ்வளவு பொறாமையாக இருந்தது.

சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். லிஃப்ட் நின்று ஏழு மாதம் ஆகிறது, கதவில் பழுது என்று ஒரு தாள் ஒட்டினார்கள், அந்தத் தாளே பழுத்துக் கிழிந்துவிட்டது. லிஃப்ட் இருந்தாலும் நான் போகிற மாதிரி இல்லை. உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், கோபப்படாதே. ரெண்டு மாதத்துக்கு முன்னால் ரொட்டி வாங்க இறங்கினேன். பதினோரு நிமிஷம்தான், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அப்பா கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார், ஒரு கை போர்வைக்குள் மாட்டிக்கொண்டு, முகம் தரையில். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டர் வந்து தூக்குகிற வரைக்கும் நானும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மூடிய கதவுதான். ரொட்டி, பால், மருந்து எல்லாம் மாஸ்டர் வாங்கி வந்து கொடுத்துவிடுகிறார். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் பதினாலு அடி, சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு ஒன்பது அடி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சில நாள் மூச்சு முட்டுகிறது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன். அதனால்தான் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், தினம் நாலு மணி நேரமாவது நான் யாரோ எழுதினதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம், மருந்து நேரம் எழுதின அட்டையையே படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அதை அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் ஒரு கண் அவர் மேல் இருக்கும். வைஃபை பெட்டி வாசலறையில் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கிறது, நடுவில் ஒயர் இழுத்தால் அவருடைய சக்கர நாற்காலி அதில் ஏறும். அதற்காக அச்சகத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள், அதைச் சொருகினால் ஒயர் இல்லாமலே நெட்டைப் பிடிக்குமாம். முன்பக்கம் சொருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. நீ லேபில் யாருக்கும் தெரியாமல் மெல்லப் பேசி, பின்னாடி சொருகிப் பாரும்மா என்று சொன்னாய், அப்பா மருந்து டப்பாவைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் புகுந்து சொருகினேன், துண்டில் வெளிச்சம் வந்தது. அப்புறம் வலது மூலையில் விசிறி மாதிரி ஒன்று இருக்கும் பார் என்றாய். விசிறி இல்லை, உலகப் படம்தான் இருந்தது, அதை அழுத்தினால் ஒரு குட்டி விமானம் வந்தது. எங்கேயோ போகலாம் என்று காட்டுகிறதே என்று அதை அழுத்திவிட்டேன். அழுத்தினதும் இருந்த எல்லாமே போய்விட்டது. விமானத்தை அழுத்தினால் எல்லாத் தொடர்பும் நின்றுவிடும் என்று நீ சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், என் ராசிக்கு வருகிற விமானமும் அப்படித்தானே இருக்கும்.

விமானத்தைத் திரும்ப அழுத்தி நிறுத்தினதும் ஒரு பட்டியல் வந்தது பார், அதை உன்னிடம் அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் இருக்கிற வீடெல்லாம் அதில் வரிசையாக நின்றது. பல் டாக்டர் மேல்மாடி என்று ஒன்று, என்னைத் தொடாதே என்று ஒன்று, யாரோ நாயின் பேரை வைத்திருக்கிறார்கள், மாஸ்டருடையது எல் போர்டு. ரெண்டு மாதமாக அக்கம்பக்கத்தில் மாஸ்டரைத் தவிர யார் முகமும் பார்க்காதவள் ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படித்தேன். எல்லாப் பேருக்கும் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் இருந்தது. நம்முடையதற்கும் இருந்தது. நம் வீட்டுப் பூட்டை நானே திறக்க முடியாமல் வெளியே நிற்கிறேன் என்று அப்போது தோன்றியது, வெளியே நிற்பதா உள்ளே நிற்பதா, அதுகூட எனக்குச் சரியாகப் புரியவில்லை.

பாஸ்வேர்டு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் நெட் கம்பெனி ஆள் வந்து மாட்டினபோது நான் அச்சகத்தில் இருந்தேன், அவரே உட்கார்ந்து எல்லாம் செய்து டேப்பிலும் போட்டுக்கொண்டார். எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு ஏது, எல்லாம் மண்டைக்குள். நானும் நீயும் என்னென்ன போட்டுப் பார்த்தோம், உன் பிறந்த தேதி, அவர் பிறந்த தேதி, பழைய ஸ்கூட்டர் நம்பர், துரை, பெரிய துரை. கல்யாணத் தேதியும் போட்டேன், அதுவும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் அந்தத் தேதி அவருக்கு நினைவு இருந்த வருஷம் என்று ஒன்றும் கிடையாதே. டேப்பிலிருந்து எடுக்கலாம் என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய், அது ரொம்பப் பழையது, காட்ட மாட்டேன் என்றுவிட்டது. பெட்டியின் முதுகில் ஒரு ஊசி ஓட்டை இருக்கும், அதில் குத்திப் பத்து எண்ணினால் எல்லாம் அழிந்து புதிதாக வரும் என்றும் சொன்னாய். ஊசியை எடுத்துக்கொண்டு ரெண்டு தடவை போய் நின்றேன். அழிந்தது திரும்ப வராவிட்டால் டேப்பும் நின்றுபோகும், அதில் வருகிற செஸ் ஆட்டங்களைப் பார்த்துத்தான் அந்த மனுஷர் பகலை ஓட்டுகிறார், அதையும் பிடுங்கிவிட்டால் அவர் என்ன செய்வார் என்று ஊசியைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்பாய். கேட்காமலா இருந்தேன். தினம் கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு இப்போது நாலைந்து சொல்தான் வாயில் மிஞ்சியிருக்கிறது, அதில் அதிகம் வருவது வேண்டாம். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுபோனால் வேண்டாம். மாத்திரைக்கு வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், ஒரு சொல் வாய்ல மாட்டிக்கிட்டு அதுவேதான் வந்துக்கிட்டிருக்கும், மனசுல இருக்கிறது வேற, வாய்ல வர்றது வேற, நீங்க அதுக்கு அர்த்தம் தேடிக்கிட்டு இருக்காதீங்க என்று. அதனால் பாஸ்வேர்டு என்ன என்று நான் கேட்க, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போக, இப்படியே இருபது நாள் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு நாள், மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, மேலாளர் போன் பண்ணி, அம்மா, அடுத்த ஆளை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். நாலு நாள் கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு நேராக அப்பாவிடம் போனேன். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் அவர் இடது கையில் கொடுத்து எழுதச் சொன்னேன். பென்சில் நழுவி விழுந்தது. எழுத முடியாவிட்டால் சொல்லுங்கள் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை துரை. நான் வேலைக்குப் போவதே உங்களுக்கு எப்பவும் பிடிக்கல, துரை பிறந்தப்பவும் விடச் சொன்னீங்க, இப்ப வாய் போனப்புறமும் அதையே சொல்றீங்க, என்னை இந்த நாலு சுவத்துக்குள்ள பூட்டி வச்சுட்டுத்தான் நீங்க கண்ண மூடுவீங்க என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கண்ணை மூடுவது என்று சொல்லியிருக்கவே கூடாது. அவர் அழுதார். இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார் இல்லையா, அதை நினைத்துக்கொண்டு, காரணமில்லாத அழுகைதான் என்று நான் முகத்தைக்கூடத் துடைத்துவிடாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். இதை உன்னிடம் போனில் எப்படிச் சொல்வேன், அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

மறுநாள் நெட் கம்பெனிக்குப் புகார் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பொம்பளைக் குரல் படுத்தினபாட்டில் நாலு தடவை கூப்பிட்டு, வியாழக்கிழமை காலையில் ஆள் வந்தார். போன வருஷம் வந்த அதே ஆள்தான். நல்ல பருமன், நாலு மாடி ஏறி வந்ததில் பேச்சே வரவில்லை, செருப்பு அலமாரி மேலேயே ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பாஸ்வேர்டு தெரியவில்லை, வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை, பேச வராது, எல்லாத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள், ஆனால் டேப் நிற்கக் கூடாது என்று சொன்னேன். அவர் பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்து நாக்கில் விரலைத் தொட்டுப் புரட்டினார். புரட்டினவர் ஒரு பக்கத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். என்னம்மா, இதையா மறந்தீங்க, இத மாதிரி ஒண்ணை என் சர்வீஸ்ல யாரும் வச்சதில்லையே, சார் இதைச் சொன்னப்ப நான் சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு என்றார். என்னவென்றேன். பாஸ்வேர்டு என்ன போடட்டும் சார்னு கேட்டேன், அதெல்லாம் வேண்டாம்னார், பாஸ்வேர்டு இல்லாம விட முடியாது சார்னேன், சரி அப்ப அதையே போடு, வேண்டாம்னு போடுன்னார், அது இங்கிலீஷ்ல ஆறு எழுத்துதான் வருது, எட்டு எழுத்தாவது வேணும் சார்னேன், விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, அப்ப ரெண்டு தடவை போட்டுக்கோய்யா, வேண்டாம் வேண்டாம், எவன் வந்து கேட்டாலும் உண்மையைத்தான் சொன்னேன்னு இருக்கும்னார் என்றார்.

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமுகிறார் என்று நினைத்து ஓடினால், அப்பா சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். அவர் படுத்த நாளிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டி, வேண்டாம் வேண்டாம் என்றார், இதைத்தானேடி இத்தனை நாளாகச் சொன்னேன் என்கிற மாதிரி. அந்த ஆள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. பூட்டுப் படத்துக்குப் பக்கத்தில் கனெக்டட் என்று வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே கண் தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. ரொட்டிக்கும் மாத்திரைக்கும் அவர் ஒரே ஒரு வேண்டாம்தான் சொல்வார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாஸ்வேர்டைக் கேட்டபோதெல்லாம் ரெண்டு வேண்டாம் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் காதில் அது விழாமல் இல்லை. அச்சில் ஒரே சொல் அடுத்தடுத்து ரெண்டு தடவை விழுந்துவிட்டால் ஒன்றை அடிப்பது என் இருபத்தாறு வருஷத் தொழில், யோசிக்கவே வேண்டாம், கண் போன இடத்தில் கை அடித்துவிடும். உன் அப்பா சொன்னதையும் அப்படியே ஒன்றை அடித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார், நான் கத்தின அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டுக்குள் நான் ஒருத்திதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த மனுஷர் ஒரு சொல்லுக்குள் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அச்சகத்தோடு சேர்ந்துவிட்டேன். திரையில் என் பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது, மேலாளர் வாங்கம்மா, உங்க இடத்துக்கு வந்துட்டீங்க என்று எழுதினார். தேனீ வளர்ப்பதைப் பற்றி ஒரு புத்தகம், எண்பது பக்கம் முடித்துக் கொடுத்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்று மிகாமல் கிடந்தது, சந்தோஷமாகத் திருத்தினேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்து நின்றேன். எழுந்து போக எங்கும் இல்லை. முன்னே என்றால் அந்த நேரத்தில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பேன், வெயிலோ மழையோ முகத்தில் படும், கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுவேன். வேலைதான் எனக்கு வாசலாக இருந்தது, இப்போது அந்த வேலையும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இனிமேல் நான் படி இறங்க வேண்டிய காரணம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு மாதம் பாடுபட்டு இதைத்தான் செய்துகொண்டேனா என்று அந்த எண்பது பக்கத்துக்கு அப்புறம் அழுதேன். அப்பா பார்த்துவிட்டார், காரணமில்லாத அழுகை என்று அவர் நினைக்கவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் எதற்காக உன்னிடம் கொட்டுகிறேன் என்றால், அந்தச் சொல்லை இந்த வீட்டில் அப்பா மட்டும் சொல்லவில்லை துரை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ நான் கிளம்பி வரட்டுமாம்மா என்று கேட்கிறாய். லீவு கிடைக்காது, வேலை போய்விடும், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், வேண்டாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. பத்து நாள் போதும், ஒரு வாரமென்றாலும் சரி. அப்பாவுக்கு ரொட்டி ஊறவைத்துக் கொடுக்க உனக்குத் தெரியும், தூக்கி உட்கார வைக்கிற விதத்தை நான் சொல்லித் தருகிறேன். நீ அவர் பக்கத்தில் இருந்தால் நான் ஒரு மணி நேரம் கீழே இறங்கி, எங்கேயும் வேலை இல்லாமல், சும்மா தெருவில் நடந்துவிட்டு வருவேன். இப்போதைக்கு இதற்கு மேல் பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கண் எரிகிறது என்றாயே, லேபில் கண்ணாடி போடாமல் குனிந்துகொண்டிருக்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய்நொடி இல்லாமல், எங்கள் ரெண்டு பேர் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நல்லபடியாக இரு என்று அப்பாவின் கையை எடுத்து இந்தத் தாள் மேல் வைத்து ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறேன், ஓரத்தில் சுருங்கியிருக்கிறதே, அது அவர் அழுத்தின இடம். கடிதத்தை மாஸ்டர் கீழே போகும்போது தபாலில் போட்டுவிடுவார், கிடைத்ததும் டேப்பில் எதையும் பேசிவிடாதே, கிடைத்தது என்று மட்டும் சொல்.

இன்னொன்று, மறக்காமல் பார். மேலே, நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று எழுதின வரியை நான் அடித்திருக்கிறேன். திரும்பப் படித்தபோது கை தானாக அடித்துவிட்டது. அடித்தபிறகு அதற்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும். அடித்த வரிக்கு அடியில் புள்ளி வைத்தால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான், அடித்தது என் தப்பு, அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா